காற்று வாய்த்த ஊரில் துணி காயப்போட...

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் பஸ் தோவாளையைத் தாண்டியதும் ஜன்னலோரம் இருப்பவர்கள் தலைமுடியை ஒதுக்கத் தொடங்கிவிடுவார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிக் கணவாய் ஆரல்வாய்மொழி. தென்மேற்குப் பருவக்காற்று இரு பக்க மலைகளுக்கும் நடுவே நெருக்கப்பட்டு, வேகம் பிடித்துக் கிழக்கே பாய்கிற இடம். அடுத்துள்ள முப்பந்தலைச் சுற்றிக் காற்றாலைகள் காடாக நிற்பது இதனால்தான். அங்கே நிறுவப்பட்ட திறன் சுமார் 1,500 மெகாவாட் என்பார்கள். 1752-ல் தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்ட குன்றுக்குக் காற்றாடிமலை என்றே பெயர். காற்றாலை வருவதற்கு வெகுகாலம் முன்பே ஊர் காற்றோடுதான் வாழ்ந்திருக்கிறது.

இந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் புது வீடு கட்டுகிறவர்கள் இப்போது துணி உலர்த்தும் மெஷின் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடு, மழைக்காலம், பிள்ளைகளின் யூனிபார்ம் என்று காரணங்கள் நியாயமானவை. ஆனால் காற்றைக் கொஞ்சம் படித்துக்கொண்டால் அந்தச் செலவுக்கு இங்கே தேவையே இல்லை. கொடி கட்டுவது முதல் மடித்து வைப்பது வரை கைக்கு வந்த குறிப்புகள் இவை. ஆரல்வாய்மொழிக்காக எழுதியவைதான்; காற்று குறைந்த ஊர்க்காரர்களுக்கும் பெரும்பாலானவை உதவும்.

1. வெயிலைவிடக் காற்றை நம்புங்கள்.
வெயில் இல்லையே என்று ஈரத்துணியை வாளியிலேயே போட்டு வைக்கிறவர்கள் உண்டு. ஈரத்துணியை ஒட்டி ஈரமான காற்றுப்படலம் ஒன்று நிற்கும். அது விலகாதவரை அடுத்த ஈரம் வெளியே வராது. அந்தப் படலத்தைத் துடைத்துக்கொண்டு போவது காற்று. அதனால்தான் வானம் மூடிக்கிடக்கும் ஆடி மாதத்திலும் இங்கே பருத்திச் சட்டை சட்டென்று காய்கிறது. காற்றே இல்லாத சித்திரை வெயிலில், சுவர் மறைத்த முற்றத்தில் ஜீன்ஸ் சாயங்காலம் வரை இழுக்கிறது. வீட்டில் கொடி கட்ட இடம் தேடும்போது வெயில் விழும் மூலையைப் பார்ப்பதற்கு முன், காற்று ஓடும் பாதை எது என்று பாருங்கள். ஒரு துண்டுத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு மொட்டைமாடியில் நான்கு இடத்தில் நின்றால் போதும், தெரிந்துவிடும்.

2. கொடியைக் கிழக்கு மேற்காகக் கட்டுங்கள்.
வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை இங்கே அடிப்பது மேல்காற்று. தெற்கு வடக்காகக் கொடி கட்டினால் ஒவ்வொரு துணியும் அந்தக் காற்றுக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கும். மூன்று சதுர மீட்டர் உள்ள பெட்ஷீட் ஒன்று மணிக்கு 50 கிலோமீட்டர் காற்றை விரிந்து நின்று தாங்கினால், கொடிக்கு ஏறும் இழுப்பு சுமார் 40 கிலோ. கொக்கி பிடுங்கிக்கொண்டு வருவதற்கும் கைப்பிடிச் சுவரின் சிமெண்ட் உதிர்வதற்கும் இதுதான் காரணம். கிழக்கு மேற்காகக் கட்டினால் காற்று துணியின் இரண்டு பக்கத்தையும் உரசிக்கொண்டு நீளவாக்கில் ஓடும். இழுப்பு குறையும், காய்ச்சல் குறையாது. ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து மெல்ல வரும் வாடைக்கோ, இதே கொடியில் துணி முகம் கொடுத்து நிற்கும். மெல்லிய காற்றுக்கு அதுதான் வேண்டும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் துணியின் தென்முகம் முழுக்க வெயிலும் வாங்கும். ஒரே கொடி, ஆண்டு முழுதுக்கும் சரியாக வரும்.

ஒரு சிறு இடைஞ்சல் உண்டு. மேல்காற்று வலுக்கும்போது துணிகள் கிழக்கு முனைக்கு நகர்ந்து ஒன்றன்மேல் ஒன்று கும்பலாகிவிடும். கொடியில் நாலு அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் அந்தந்த இடத்தில் நின்றுகொள்ளும்.

3. இரும்புக் கம்பியில் துணி போடாதீர்கள்.
இதை முதல் குறிப்பாகவே எழுதியிருக்க வேண்டும், அவ்வளவு முக்கியம். துணி காயப்போடப் போய் மின்சாரம் தாக்கி இறந்தார் என்ற செய்தி தமிழ்நாட்டில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருகிறது. காப்பாற்றப் போன கணவனோ மகளோ சேர்ந்து போன செய்தியும் வருகிறது. நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரின் ரப்பர் வெடித்திருக்கும். அது தகரக் கூரையையோ இரும்புக் குழாயையோ தொட்டுக்கொண்டிருக்கும். அதே குழாயில் கம்பிக்கொடியின் ஒரு முனை கட்டியிருக்கும். ஈரத்துணியும் ஈரக்கையும் வெறுங்காலும் மீதி வேலையை முடித்துவிடும்.

நம் ஊர்க்காற்றில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். வயர் ஆடி ஆடி உரசும், உரசி உரசி ரப்பர் தேயும். ஆகவே கொடி நைலான் கயிறாக இருக்கட்டும். கம்பிதான் வேண்டுமென்றால் முழுக்கப் பிளாஸ்டிக் உறை போட்டதாக, இரு முனையும் மரத்திலோ சுவரிலோ தனியாகப் பதித்த கொக்கியில் நிற்பதாக இருக்கட்டும். மின்கம்பத்திலும், அதன் இழுவைக் கம்பியிலும், டிஷ் ஆன்டெனா குழாயிலும், ஏசியின் வெளிப்பெட்டித் தாங்கியிலும் ஒருபோதும் கொடி கட்டக்கூடாது. சர்வீஸ் வயர் தாழ்ந்து தொங்கினால் நீங்களே குச்சியால் தூக்கிவிடாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். மின்னகம் எண் 94987 94987. மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் கசிவுத் தடுப்பான் ஒன்று போட்டுவிடுவது வீட்டுக்குள் ஏற்படும் கசிவுக்குக் காவல்.

யாராவது கொடியைப் பிடித்தபடி துடித்தால் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். அணைக்க முடியாத இடமென்றால் காய்ந்த மரக்கட்டையால் கையைத் தட்டிவிடுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைப் பலமுறை சொல்லி வைக்க வேண்டும்.

4. கயிறு வாங்கும்போது.
தேங்காய் நார்க்கயிறு நம் மாவட்டத்தில் எங்கும் கிடைக்கும், உறுதியானது. ஆனால் நனைந்தால் பழுப்புச் சாயம் இறங்கும், வெள்ளை வேட்டியில் அந்தக் கோடு போகாது. இரும்புக் கம்பியின் துருவும் அப்படித்தான். நைலான் கயிறு வெயிலில் தளரும், ஆகவே ஒரு முனையை அவ்வப்போது இழுத்துக் கட்டுகிற மாதிரி சுருக்கு முடிச்சாக விடுங்கள். எந்தக் கயிறானாலும் துணி போடுமுன் ஈரத்துணியால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அழுத்தித் துடைப்பது தினப்படி வேலையாக இருக்கட்டும். ஆடி மாதத்தில் துடைத்த துணியின் நிறத்தைப் பார்த்தாலே ஏன் என்று புரியும்.

5. ஆடிக்காற்றுக்கு முறுக்குக் கொடி.
ஒரே கயிற்றை இரண்டாக மடித்து, மடிப்பைக் கொக்கியில் மாட்டி, இரண்டு இழையையும் சேர்த்து நன்றாக முறுக்கி மறு முனையில் இறுக்கிக் கட்டுங்கள். துணியின் நுனியை இரண்டு இழைக்கும் நடுவில் செருகினால் கிளிப் இல்லாமலே பிடித்துக்கொள்ளும். காற்று இழுக்க இழுக்கக் கயிறு இறுகும். கைக்குட்டை, குழந்தை ஜட்டி, தலையணை உறை போன்ற சிறு துணிகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

6. கிளிப்பை நம்பிவிடாதீர்கள்.
பிளாஸ்டிக் கிளிப் வெயிலில் கிடந்தால் சில மாதத்தில் நொறுங்கும். வேலை முடிந்ததும் ஒரு டப்பாவில் போட்டு நிழலில் வையுங்கள். இரட்டிப்புக் காலம் வரும். துணியின் விளிம்பை மட்டும் கவ்வக் கொடுக்காமல், ஒரு சாண் அளவு கொடிக்கு மேல் மடித்துப் போட்டு இரண்டு மடிப்பும் சேர்த்துக் கவ்வ வையுங்கள். அப்போது இழுப்பைக் கயிறு தாங்கும், கிளிப் நழுவாமல் காக்கிற வேலையை மட்டும் செய்யும். சட்டையைத் தோள்பட்டையில் கிளிப் போட்டால் அங்கே மூக்கு விழுந்துவிடும். தலைகீழாக, அடிவிளிம்பில் இரு பக்கத் தையலிலும் போடுங்கள். ஹேங்கரில் மாட்டி வெளியே விடுவது காற்று இல்லாத ஊருக்குச் சரி, இங்கே பக்கத்து வீட்டு மாடியில் போய்த் தேட வேண்டியிருக்கும். ஸ்டீல் துணி ஸ்டாண்டும் அப்படியே; அதன் காலைக் கட்டிவைக்காமல் மாடியில் விடாதீர்கள். அது பறந்து தெருவில் விழுந்தால் ஆளுக்கே ஆபத்து.

7. பாதி வேலை பிழிவதில் இருக்கிறது.
செமி ஆட்டோமேடிக் வாஷிங் மெஷினில் பக்கத்துத் தொட்டியை நாம் டிரையர் என்கிறோம். அது சூடாக்குவதில்லை, வேகமாகச் சுழற்றித் தண்ணீரை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். அதற்குச் செலவாகும் மின்சாரம் மிகக் குறைவு; அதனால் கிடைக்கும் லாபமோ பெரிது. மழைநாளில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சுழற்றுங்கள். கையால் பிழிகிறவர்கள் ஜீன்ஸ், பெட்ஷீட் ஆகியவற்றைக் குழாயில் சுற்றி முறுக்கினால் கைவலி குறையும். பிழிந்ததும் ஓங்கி உதறுங்கள். உதறுவதில் சுருக்கம் போவது ஒரு பக்கம், ஒட்டிக்கிடக்கும் மடிப்புகள் பிரிந்து காற்று உள்ளே நுழைய வழி பிறப்பது இன்னொரு பக்கம்.

8. சேலைக்கு ஆள் இருவர்.
ஐந்தரை மீட்டர் சேலையைக் காற்றுநாளில் தனியாளாகக் கொடியில் போடுவது சிரமம். முந்தானை முகத்தில் அடிக்கும், கரை தரையில் புரளும். நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கம் கொடியில் வரும்படி, இரண்டு பேர் இரு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் போட வேண்டும். அவசரமென்றால் கொடியே வேண்டாம். கன்னியாகுமரிக் கடற்கரையில் குளித்து எழுந்த பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு சேலையைக் காற்றுக்குக் கொடுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் மொட்டைமாடியிலும் அது நடக்கும். மெல்லிய பருத்திச் சேலை பேசி முடிப்பதற்குள் உடுக்கிற பதத்துக்கு வந்துவிடும்.

பட்டுச்சேலைக்கு வெயிலும் கூடாது, ஓங்கிய காற்றும் கூடாது. நிழலான உள்முற்றத்திலோ ஜன்னலோரத்திலோ, பழைய வேட்டி ஒன்றைக் கொடிமேல் விரித்து அதன்மேல் போடுங்கள். சரிகை எதிலும் சிக்காது.

9. கஞ்சி போட்ட வேட்டியும் துவர்த்தும் வேறு வேறு இடத்தில்.
இது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த விஷயம். "வேட்டிய காத்துல கொண்டுபோயிப் போடாத மக்கா, வெறப்பு நிக்காது" என்று ஆச்சிமார் சொல்வார்கள். வடிகஞ்சியைத் துணியில் வடிகட்டி, நீர்க்கக் கலந்து, கடைசி அலசலுக்குப் பின் வேட்டியை முக்கி எடுக்கிறோம். அந்தக் கஞ்சி நூல்களை ஒன்றோடொன்று ஒட்டி விறைப்பைத் தருகிறது. காற்றில் படபடவென்று அடித்தால் ஒட்டியது விட்டுப்போகும். ஆகவே கஞ்சி போட்ட வேட்டிக்கு வீட்டின் கிழக்குப் பக்கம், காற்று மறைவான இடமாகப் பாருங்கள். முழுக்கக் காயுமுன், தொட்டால் குளிர்ச்சி தெரிகிற பதத்தில் எடுத்து மடித்துத் தேய்த்தால் தண்ணீர் தெளிக்க வேண்டியதில்லை.

துவர்த்து இதற்கு நேர் எதிர். காற்றில்லாத இடத்தில் காய்ந்த துவர்த்து பப்படம் மாதிரி விறைக்கும், உடம்பு துடைத்தால் உறுத்தும். சோப்பு சரியாக அலசவில்லை என்று நினைப்போம். அதுவும் ஒரு காரணம்தான், குறிப்பாக உப்புக் கூடிய போர்த் தண்ணீரில். ஆனால் ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தாரும் காவோ நிறுவனத்தாரும் 2020-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. காய்ந்துவிட்டதாகத் தெரியும் பருத்தியிலும் இழைகளோடு பிணைந்த கொஞ்சம் நீர் இருக்கிறது, அதுவே பசையாக நின்று இழைகளைக் கட்டிப்போடுகிறது. அசைவு கொடுத்தால் அந்தக் கட்டு அவிழும். ஆகவே துவர்த்து, டர்க்கி டவல், போர்வை ஆகியவற்றை மேல்காற்று நேராக அடிக்கும் இடத்தில் தாராளமாக ஆடவிடுங்கள். காற்று குறைந்த நாளில் எடுத்ததும் நாலு உதறு உதறிக் கசக்கி மடித்தால் பாதி மென்மை திரும்பும்.

10. மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து.
சட்டையில் குழம்பு சிந்தினாலோ மஞ்சள் பூசிக் குளித்த துணியில் கறை ஏறினாலோ சோப்பைப் போட்டுப் போட்டுத் தேய்க்கிறோம். சோப்பின் காரம் பட்டதும் மஞ்சள் சிவப்பாகிப் பயமுறுத்தும். பதற வேண்டாம், நன்றாக அலசினால் திரும்ப மஞ்சளாகும். பிறகு கறை பட்ட பக்கத்தை நேர் வெயிலில் காட்டிப் போடுங்கள். மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்குமின் வெளிச்சத்தில் சிதைகிற பொருள். ஒருநாள் வெயிலில் வெளுக்கும், போகாவிட்டால் மறுநாளும் நனைத்துப் போடுங்கள். எந்த மெஷினாலும் இதைச் செய்ய முடியாது. வாழைக்கறையிடம் மட்டும் இந்த வித்தை பலிக்காது. தோட்டத்துக்குப் போகிறவர்கள் அதற்கென்று ஒரு சாரம், ஒரு சட்டை ஒதுக்கி வைப்பதே நல்லது.

11. வெளுக்க வேண்டியதும் வெளுக்கக் கூடாததும்.
வெள்ளையை வெயிலுக்குக் கொடுங்கள். சாயத்துணிகளை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு, காய்ந்ததும் எடுத்துவிடுங்கள். காய்ந்தபிறகும் சாயங்காலம் வரை வெயிலில் கிடப்பதுதான் நிறத்தைத் தின்கிறது. கறுப்புக்கும் அடர்நீலத்துக்கும் நிழலே போதும், காற்று இருக்கிறதே. லெக்கிங்ஸ், உள்ளாடை, சாக்ஸ் இவற்றின் எலாஸ்டிக் சூட்டில் செத்துவிடும். டிரையர் மெஷினிலும் அதே கதிதான்.

12. உள்ளாடைகளை ஒளித்து வைக்காதீர்கள்.
பெண்களின் உள்ளாடைகளை மேல் பாவாடைக்குள் செருகியோ, கதவுக்குப் பின்னாலோ, குளியலறைக் கம்பியிலோ காயப்போடுவது இன்னும் நம் வீடுகளில் நடக்கிறது. மாதவிலக்குத் துணிகளின் நிலைமை இன்னும் மோசம். ஓலைக்கூரை இடுக்கிலும் விறகு அடுக்கிலும் செருகி வைத்த காலத்திலிருந்து நாம் முழுதாக வெளியே வந்துவிடவில்லை. உடம்போடு நெருங்கிக் கிடக்கும் துணிதான் எல்லாவற்றையும்விட நன்றாகக் காய வேண்டும். ஈரம் தங்கிய துணியில் பூஞ்சை வளரும், அரிப்பும் தொற்றும் வரும். மறுபடி பயன்படுத்தும் துணி நாப்கின்களைச் சோப்புப் போட்டு அலசி நேர் வெயிலில், காற்றில், வெளிப்படையாகப் போட வேண்டும்.

வீட்டு ஆண்கள் இங்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கொடியில் எது கிடந்தாலும் அதுவும் துணிதான் என்று எடுத்து மடித்து வைத்துவிடுங்கள். மகளும் மருமகளும் ஒளிக்கத் தேவையில்லாத வீடாக அது மாறிவிடும். தெருவிலிருந்து தெரிகிறதே என்று கூச்சமாக இருந்தால் மூன்று கொடியில் நடுக்கொடி அவற்றுக்கு. வெளிக்கொடிகளில் பெட்ஷீட்டும் வேட்டியும் கிடக்கட்டும், மேலே திறந்த வானம் இருக்கட்டும்.

13. தூசியும் சூளைப்புகையும்.
தோவாளை வட்டாரத்தில் செங்கல் சூளைகள் நிறைய. சூளை மூட்டியிருக்கும் நாளில் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வெள்ளைத் துணியைப் போடுங்கள். புகை நம் பக்கம் வந்தால் அன்று சாயத்துணிகளை மட்டும் துவையுங்கள். ஆடியில் செம்மண் புழுதி பறக்கும்போது கைப்பிடிச் சுவருக்குக் கீழே, தாழ்வான கொடியில் போட்டால் புழுதி அதிகம் சேரும். தலைக்கு மேல் உயரத்தில் இருக்கும் கொடியில் அவ்வளவு ஏறாது. எப்படியானாலும் எடுக்கும்போது உதறாமல் உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

14. முருங்கை மரத்தடியில் கொடி வேண்டாம்.
மழைக்குப் பின்னான குளிர்காலத்தில் முருங்கையில் கம்பளிப்பூச்சி கூட்டமாக அடையும். அதன் ரோமம் துணியில் பட்டு, துணி உடம்பில் பட்டால் தடித்துச் சிவந்துவிடும். குழந்தைகள் என்றால் இரவு முழுக்க அழும். கொடியை மரத்திலிருந்து விலக்கிக் கட்டுங்கள். அந்த மாதங்களில் குழந்தைத் துணியை அணிவிக்குமுன் உள்ளும் புறமும் திருப்பிப் பாருங்கள். மார்கழிப் பனியில் இரவு துணியை வெளியே விட்டால் காய்ந்ததும் மறுபடி நனையும். பொழுது சாயுமுன் பிள்ளைத்துணியை எடுத்துவிடச் சொன்ன பழைய வழக்கத்தைக் கடைப்பிடிப்பதில் நன்மைதான் உண்டு.

15. ஐப்பசி, கார்த்திகையில்.
நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தென்மேற்கு மழை விளவங்கோடு, கல்குளம் பக்கம் கொட்டும்போது ஆரல்வாய்மொழிக்குப் பெரும்பாலும் சாரலும் காற்றும்தான். துணிக்கு உண்மையான சோதனை வடகிழக்கு மழையில். காற்றே ஈரமாக இருக்கும், வேகமும் குறைந்திருக்கும்.

அப்போது ஒன்றாகச் சேர்த்துத் துவைப்பதை விட்டுவிட்டு, தினமும் கொஞ்சம் துவையுங்கள். படிப்புரையிலோ ஹாலிலோ இரண்டு கொடி கட்டி, துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி விட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே போடுங்கள். சாதாரண மின்விசிறி 75 வாட் அளவு இழுக்கும். ஆறு மணிநேரம் ஓடினாலும் அரை யூனிட்டைத் தாண்டாது. எதிரெதிர் ஜன்னல் இரண்டைத் திறந்து வையுங்கள். எல்லாம் மூடிய அறையில் துணியிலிருந்து போன ஈரம் சுவரிலும் அலமாரியிலும் ஏறிப் பூஞ்சையாகும். ஆஸ்துமா உள்ளவர் படுக்கும் அறையில் ஈரத்துணி வேண்டவே வேண்டாம். சமையலறையில் கேஸ் அடுப்புக்கு மேலே கொடி கட்டுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள், ஒரு நுனி அவிழ்ந்து விழுந்தால் போதும்.

மறுநாள் காலை யூனிபார்ம் வேண்டுமா? பிழிந்த சட்டையைக் காய்ந்த துவர்த்தின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, மேலே ஏறி மிதியுங்கள். துவர்த்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு விசிறியடியில் போட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடும். காலர், கைப்பட்டி, இடுப்புப் பட்டியில் மட்டும் ஈரம் நின்றால் அந்த இடத்துக்கு மட்டும் அயர்ன்பாக்ஸ்.

16. ஈரவாடை எடுத்தால்.
அது சோப்புக் குறைவால் வருவதல்ல. காயாமல் வெகுநேரம் கிடக்கும் துணியில் நுண்ணுயிர் பெருகுகிறது. மொராக்செல்லா என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-ல் கண்டார்கள். வாசனைத் திரவம் ஊற்றினால் அது மறையுமே தவிரப் போகாது. மறுபடி வியர்த்ததும் கிளம்பும். கை பொறுக்காத சூட்டில் வெந்நீர் வைத்து, சோப்புத்தூள் போட்டு அரைமணி நேரம் ஊறவைத்துத் துவைத்து, காற்றில் விரைவாக உலர்த்துங்கள். துவைத்து முடித்த துணியை மெஷினுக்குள்ளேயே விட்டுவிட்டு வேலைக்குப் போகாதிருந்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. தேங்காய் எண்ணெய் ஏறிய தலையணை உறைக்கும் இதே வெந்நீர் வைத்தியம்தான்.

17. டிரையர் வாங்குமுன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.
ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். இது இயற்கையின் கணக்கு, எந்த நிறுவனத்து மெஷினும் ஹீட்டரை வைத்து இதைக் குறைக்க முடியாது. நன்றாகச் சுழற்றிய பிறகும் ஒரு வீட்டுத் துணியில் மூன்று லிட்டர் நின்றால் இரண்டு யூனிட். வீணாகும் சூட்டையும் சேர்த்தால் அதற்கும் மேல். ஹீட்பம்ப் வகை இதில் பாதியளவில் முடிக்கும், ஆனால் விலை கூடுதல். துவைப்பதும் உலர்த்துவதும் ஒன்றாக உள்ள மெஷின்களில் பல, ஈரத்தைக் குளிர்விக்கத் தண்ணீரையும் செலவழிப்பவை. தினம் ஒரு தடவை, இரண்டு மாதம் ஓட்டினால் 120 யூனிட்டுக்குக் குறையாது. 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் கிடைத்துவரும் 100 யூனிட் இலவச மின்சாரம் அதற்கே போதாது.

முப்பந்தலில் இறக்கைகளைச் சுற்றி, மின்சாரமாக மாறி, கம்பி வழியே ஊரெல்லாம் போய், ஹீட்டரில் சூடாகி நம் துணிக்கு வருவதும் இதே காற்றுதான். வீட்டு மாடியிலேயே அது காசில்லாமல் அடிக்கும்போது அவ்வளவு தூரம் சுற்ற வேண்டுமா? படுக்கையில் இருக்கும் நோயாளி உள்ள வீடு, மாடி ஏற முடியாத முதியவர் மட்டும் உள்ள வீடு, நாளுக்கு மூன்று தடவை பெட்ஷீட் மாற்றுகிற மருத்துவமனை ஆகியவற்றுக்கு மெஷின் வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை.

18. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு.
சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்கு வீடுகளின் சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழிகளைச் செருகத் துளைகள் அமைத்தே கட்டினார்கள். பத்தாவது மாடியிலும் துணி வெளிக்காற்றில்தான் காய்ந்தது. அமெரிக்காவில் பல குடியிருப்புச் சங்கங்கள் கொடி கட்டினால் அழகு கெடும் என்று தடை போடுகின்றன. அப்படித் தடுக்கக்கூடாது என்று சட்டம் வைத்த மாநிலங்களும் உண்டு. ஃபுளோரிடா அவற்றில் ஒன்று. குளிர்நாட்டில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும் மாதங்களில் உள்காற்று வறண்டிருக்கும். மடக்கு ஸ்டாண்டை அறையின் நடுவில் விரித்துவிட்டால் துணியும் காயும், உதடு வெடிப்பதும் கொஞ்சம் குறையும். சென்னையிலோ பெங்களூரிலோ பால்கனி மட்டும் உள்ள வீடென்றால், கூரையில் பதித்துக் கயிறால் ஏற்றி இறக்கும் கம்பித்தட்டு வாங்கலாம். இடம் அடைக்காது, வயதானவர் கையை உயர்த்த வேண்டியதும் இல்லை.

19. ஜீன்ஸ், தலையணை, பை.
ஜீன்ஸை உட்புறம் திருப்பி, பாக்கெட்டுகளை வெளியே இழுத்துவிட்டு, இடுப்பு விரிந்து நிற்கும்படி இரண்டு கொடிக்கு நடுவே போடுங்கள். காற்று உள்ளே புகுந்து கால் வழியாகப் போகும். பஞ்சுத் தலையணையைப் படுக்கவைத்து, மணிக்கு ஒருதரம் புரட்டுங்கள். பள்ளிப்பையைத் தலைகீழாக, எல்லா ஜிப்பும் திறந்தபடி மாட்டுங்கள்.

20. எடுத்த இடத்திலேயே மடியுங்கள்.
கொடியிலிருந்து உருவிக் கட்டிலில் மலையாகக் குவித்துவிட்டால் காற்று நீக்கிய சுருக்கமெல்லாம் திரும்ப வந்துவிடும். எடுக்கும்போதே கையோடு மடித்து, ஆளுக்கொரு அடுக்காகக் கூடையில் வையுங்கள். வெயிலில் சூடேறிய துணியை உடனே பீரோவில் பூட்ட வேண்டாம். சற்று நேரம் விசிறியடியில் ஆறட்டும். தையல் மடிப்பில் ஈரம் நின்றிருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பாருங்கள், விரலைவிடக் கன்னத்துக்குத்தான் அது தெரியும். சாக்ஸை மட்டும் அப்போதே ஜோடி சேர்த்துவிடுங்கள்.